ஹாட் ராட் எவ்வளவு தாழலாம்? ஸ்டான்ஸும் சஸ்பென்ஷனும் ஒரு தொடக்க விளக்கம்

ஹாட் ராட் என்றால் பழைய காரை வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் மாற்றிக் கட்டியது. ஸ்டான்ஸ் என்றால் கார் தரையில் நிற்கிற விதம். மூக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது, பின்பக்கம் எவ்வளவு தூக்கியிருக்கிறது, டயர் மட்கார்டுக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அடிப்பாகத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எல்லாம் சேர்ந்ததுதான் அது. பெங்களூரில் ஒரு பழைய பத்மினியையோ அம்பாசடரையோ வாங்கி வந்து பட்டறையில் விடுகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்கிற கேள்வி: "அண்ணா, ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டிட்டா இறங்கிடும்ல?" இறங்கும். ஓட்டுகிற சுகமும், பிரேக்கும், ஸ்டீயரிங்கும் சேர்ந்தே இறங்கும்.

காரணம் எளிது. எட்டு சுத்து வேலை செய்கிற காயில் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு எட்டுக்கு ஏழு என்ற கணக்கில், சுமார் 14 சதவீதம் கூடும். இன்னொரு பக்கம் சக்கரம் மேலே போக இருந்த இடம் குறைந்துவிடும். ஒரு குழியில் இறங்கினாலே ரப்பர் ஸ்டாப்பரில் முட்டும். வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்குகிற கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டி உட்கார வைப்பது இதைவிட மோசம். எஃகின் பதம் போய்விடும், போன பிறகும் தொடர்ந்து உட்கார்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் ஒடியும். பழைய அம்பாசடர் என்றால் முன்பக்கத்தில் வெட்டுவதற்குக் காயிலே கிடையாது, அங்கே இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக் கொடுத்து ஸ்பிரிங் வேலை செய்கிற எஃகுத் தண்டு.

காரை இறக்குவது என்றால், சக்கரம் பிடித்திருக்கிற புள்ளியைச் சேஸிஸைப் பொறுத்து மேலே நகர்த்துவது. ஸ்பிரிங் அசைய வேண்டிய இடத்தில் கை வைக்கக் கூடாது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்கிற எல்லாம் அதன் கிளைகள்தான்.

மூக்கு ஏன் தாழ்ந்திருக்கிறது

ஹாட் ராட் தெற்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தது. 1930களில் மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் மலிவான பழைய ஃபோர்டுகளை இலேசாக்கி, எஞ்சினைக் கூர்தீட்டி, யார் வேகம் என்று பார்த்தார்கள். 1937-ல் அந்தப் பந்தயங்களை நடத்தத் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் அமைந்தது. பின்னால் பெரிய டயர் போட்டால் அதே எஞ்சின் சுற்றில் கார் கூடுதல் தூரம் ஓடும். முன்னால் சின்ன டயரும் வளைத்த ஆக்சிலும் போட்டால் எடை குறையும், மூக்கு தாழும். அந்த முன்சாய்வுக்குப் பெயர் ரேக். 1932 ஃபோர்டு, ரசிகர்கள் டியூஸ் என்று அழைக்கும் மாடல், இன்றும் இதற்கு இலக்கணமாக நிற்கிறது.

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூரைத் தூண்களை வெட்டிக் குறைப்பது சாப். பாடியைச் சேஸிஸுக்கு மேலே வைக்காமல் அதன் இரு பக்கமும் கீழே இறக்கி மாட்டுவது சேனல். இரண்டுமே காரைத் தாழ்வாகக் காட்டும், ஆனால் சஸ்பென்ஷனைத் தொடுவதில்லை. நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு: அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அவற்றைச் சேனல் செய்வதோ ஃபிரேமை வளைப்பதோ நடக்காது. அந்த வேலைக்கு ஜீப்போ, போருக்கு முந்தைய காரோ, புதிதாகக் கட்டிய ஏணிச் சட்டமோ வேண்டும்.

கணக்கு டயரில் ஆரம்பிக்கிறது

சேஸிஸில் ஒரு வெட்டு விழுவதற்கு முன் நாலு டயரும் ரிம்மும் கையில் இருக்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தால் எல்லா அளவும் தவறிப் போகும்.

பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோடில் எளிதாகக் கிடைக்கிற அளவுகளையே எடுத்துக்கொள்வோம். முன்னால் 185/65 ஆர்15. பக்கச்சுவர் 185-ல் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. மேலும் கீழுமாக 240, 15 அங்குல ரிம் 381, மொத்தம் சுமார் 621 மி.மீ. விட்டம். பின்னால் பொலேரோவுக்குப் போடுகிற 215/75 ஆர்15 என்றால் 703 மி.மீ. விட்டத்தில் 82 மி.மீ. வித்தியாசம், ஆக்சில் மையத்தில் அதில் பாதி, 41 மி.மீ. 1932 ஃபோர்டின் வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுத் தூரம்) 106 அங்குலம், அதாவது 2,692 மி.மீ. அந்த நீளத்தில் 47 மி.மீ. தூக்கினால் ஒரு டிகிரி. ஆக, சஸ்பென்ஷனைத் தொடாமலே டயர் மட்டும் கிட்டத்தட்ட 0.9 டிகிரி ரேக் கொடுத்துவிட்டது. ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் இருக்கிற ரேக்தான் பொதுவாகக் கண்ணுக்கு உட்காருகிறது. அதற்கு மேல் போனால் ஹெட்லைட் தரையைப் பார்க்கும், சீட்டில் உட்கார்ந்தவர் முன்னால் வழுக்குவார்.

ஸ்பிரிங் இல்லாமல் காரை நிறுத்துவது

முதலில் தரை மட்டமா என்று பாருங்கள். பட்டறைத் தரை கண்ணுக்கு மட்டமாகத் தெரியும், இருக்காது. கொத்தனார் வைத்திருக்கிற ட்யூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயின் ஒரு முனையை முன் இடது சக்கரம் நிற்கப்போகிற இடத்தில் ஒரு கம்போடு கட்டிவிட்டு, மறு முனையை மற்ற மூன்று இடங்களுக்கும் கொண்டு போங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய் சொல்லும், விரலால் தட்டி வெளியேற்றுங்கள். தண்ணீர் மட்டம் எத்தனை மி.மீ. மாறுகிறதோ அந்தக் கனத்துக்குத் தகட்டுத் துண்டுகளைத் தாழ்ந்த இடத்தில் போட்டு, சாக்பீஸால் குறித்து வையுங்கள். இந்த நாலு குறிகளுக்கு வெளியே காரை அளக்கவே கூடாது.

பிறகு ஆக்சில்களைச் சக்கரங்களோடு வைத்து, ஃபிரேமையும் பாடியையும் ஸ்டாண்டு மேல் தனியாக ஏற்றி, ஸ்பிரிங் எதுவும் மாட்டாமல் உயரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். பத்து மீட்டர் தள்ளிப் போய், முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நின்றபடி பார்த்தால் எந்தக் காரும் தாழ்வாகத்தான் தெரியும். டயர் சுமை ஏறியதும் பிதுங்கும் என்பதால் 10 முதல் 15 மி.மீ. கழித்து நினைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் பிடித்துவிட்டால் ஷாக் (ஆட்டத்தைத் தணிக்கிற ஷாக் அப்சார்பர்) வருகிற இடத்தில் டம்மி மாட்டுங்கள். ஒரு இரும்புப் பட்டியில் இரண்டு ஓட்டை, அவ்வளவுதான். அதன் நீளம்தான் இனி உங்கள் ரைட் ஹைட், அதாவது கார் ஓடும் உயரம். எல்லாக் கோணத்தையும் அந்த டம்மியோடுதான் அளக்கிறோம். டம்மியைக் கழற்றிவிட்டு ஆக்சிலை ஜாக்கியால் முழுக்க மேலே தூக்கிப் பாருங்கள், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்தும் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் 25 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும்.

கூடவே ஒரு நைலான் நூலை எடுத்து, ஒரு பக்க ரிம்மின் அடி விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க டயரின் அடிவரை இழுத்துப் பிடியுங்கள். அடுத்து பக்கம் மாற்றிப் பிடியுங்கள். இதை ஸ்கிரப் லைன் என்பார்கள். ஷாக் போல்ட், டை ராட் (இரு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்புகிற தண்டு), ஆக்சில் அடிப்பாகம் எதுவும் அந்த நூலுக்குக் கீழே தொங்கக் கூடாது. தொங்கினால், ஓடும்போது டயர் வெடித்த நொடியில் அந்தப் பாகம் ரோட்டைக் கிழிக்கும், ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. இந்தச் சோதனையில் சமரசமே வேண்டாம்.

பெங்களூர் ஹம்ப் சொல்கிற எண்

இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிற வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். 2,692 மி.மீ. வீல்பேஸ் உள்ள கார் அதன் உச்சியின் இரு பக்கமும் சரிசமமாக நிற்கும்போது, உச்சி சக்கரங்களைவிட 53 மி.மீ. மட்டும்தான் மேலே துருத்தும். ஆனால் குறுக்குத் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டிப் போடுகிற ஒல்லியான ஹம்ப் அப்படி அல்ல. இரண்டு சக்கரங்களும் தரையில் நிற்கும்போது 10 செ.மீ.யும் முழுசாக வயிற்றுக்குக் கீழே வந்துவிடும். அதோடு முன் சக்கரம் இறங்கிய வேகத்தில் கார் குனியும்.

அதனால் காரின் நடுப்பகுதியில், எக்ஸாஸ்டையும் சேர்த்து, ஆட்கள் உட்கார்ந்த நிலையில் 130 மி.மீ. இடைவெளி வையுங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவும் இதே எண்ணைத்தான் கேட்கும். 130 மி.மீ.யும் இந்த வீல்பேஸும் சேர்ந்தால் சரிவும் மட்டமும் சேருகிற இடத்தில் 11 டிகிரி முறிவைக் கார் தாண்டும். ஆறுக்கு ஒன்று சரிவு 9.5 டிகிரி, தப்பிக்கும். ஐந்துக்கு ஒன்று 11.3, உரசும். படத்தில் பார்த்த அமெரிக்கக் கார்கள் 80, 90 மி.மீ.யில் ஓடலாம். அல்சூரிலிருந்து சிவாஜி நகர் போவதற்குள் நமக்கு அது கட்டுப்படியாகாது.

முன்பக்கம்

மரபான ஹாட் ராடில் முன்னால் ஒரே ஆக்சில், அதன் மேல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். காரை இறக்குவது டிராப் ஆக்சில். இரண்டு முனைகளும் மேல்நோக்கி வளைந்து, சக்கரம் பிடிக்கிற இடம் நடுப்பகுதியைவிட உயர்ந்திருக்கும். 4 அங்குல டிராப் சகஜம். நேர் ஆக்சிலோடு ஒப்பிட்டால் கார் 100 மி.மீ. இறங்கும், ஸ்பிரிங்கின் அசைவு ஒரு மி.மீ. கூடக் குறையாது. தொடக்கத்தில் சொன்ன விதியின் சுத்தமான உதாரணம் இதுதான்.

ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்க வி வடிவ விஷ்போனோ, பக்கத்துக்கு ஒன்றாகக் கொண்டை ஊசிபோல் இருக்கிற ஹேர்பினோ, பக்கத்துக்கு இரண்டு இணைத் தண்டுள்ள ஃபோர் பாரோ வேண்டும். இங்கே ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். பழைய ஐ வடிவ ஆக்சில் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும், அதனால் நடுவில் வெட்டிப் பிரித்த விஷ்போனும் ஹேர்பினும் அதோடு ஒத்துப்போகும். குழாய் ஆக்சில் முறுக்காது. அதில் ஹேர்பின் போட்டால் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது முறுக்கு விசை முழுதும் பிராக்கெட் வெல்டுக்குப் போய் விரிசல் விடும். குழாய் ஆக்சிலுக்கு ஃபோர் பார்.

குறுக்கு ஸ்பிரிங்கின் முனைகளை ஆக்சிலோடு சேர்க்கிற அசையும் சிறு இணைப்புகளான ஷாக்கிள்கள், காரின் முழு எடையும் ஏறிய நிலையில், சுமார் 45 டிகிரியில் சாய்ந்திருக்க வேண்டும். நேராகத் தொங்கினால் கார் பக்கவாட்டில் ஆடும். படுத்துவிட்டால் ஸ்பிரிங் நீள இடமில்லாமல் கட்டைபோல் நடந்துகொள்ளும். தவறு பெரும்பாலும் ஸ்பிரிங் நீளத்தில் இருக்கும். ஷாக்கிளை மாற்றி ஒப்பேற்றாதீர்கள்.

அடுத்தது காஸ்டர். சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்த கோணம் அது. ஒற்றை ஆக்சிலுக்கு 5 முதல் 7 டிகிரி. குறைந்தால் கார் நேர்கோட்டில் நிற்காது, அலையும். தேய்ந்த கிங் பின்னோ தளர்ந்த டை ராடோ அதோடு சேர்ந்தால் 50, 60 கி.மீ. வேகத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் உதறத் தொடங்கும். பலர் காரை மட்டமாக வைத்துக் காஸ்டரை 6 டிகிரி அமைத்துவிட்டு, பிறகு பின்பக்கத்தைத் தூக்குகிறார்கள். 47 மி.மீ. தூக்கினால் ஒரு டிகிரி காஸ்டர் போயிற்று. 94 தூக்கினால் இரண்டு. ரேக் முடிவான பிறகே காஸ்டரைப் பூட்டுங்கள். டோ இன் (முன் சக்கரங்கள் முன்பக்கத்தில் எவ்வளவு உள்நோக்கி நெருங்கியிருக்கின்றன என்பது) அரை நூலிலிருந்து ஒரு நூல், அதாவது 1.5 முதல் 3 மி.மீ.

ஸ்டீயரிங் பாக்ஸ் காருக்குக் குறுக்காகத் தள்ளுகிற அமைப்பில் (1971 மாடலாக வந்த ஷெவர்லே வேகா காரின் பாக்ஸ் இதற்குப் பேர்போனது) ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கிற பான்ஹார்டு ராட் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முதலில் கார்தான் ஷாக்கிளில் பக்கவாட்டில் நகரும், பிறகுதான் சக்கரம் திரும்பும். ராட் முடிந்தவரை நீளமாக, டிராக் லிங்க்குக்கு (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற தண்டு) இணையாக, ரைட் ஹைட்டில் மட்டமாக இருக்கட்டும். 600 மி.மீ. ராட் மட்டமாக இருந்தால் 75 மி.மீ. ஏற்றத்தில் ஆக்சில் 5 மி.மீ.க்கும் குறைவாகத்தான் பக்கம் நகரும். அதே ராடை 15 டிகிரி சாய்த்து மாட்டினால், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்து, 15 முதல் 25 மி.மீ. வரை. டிராக் லிங்க் வேறு கோணத்தில் இருந்தால் ஒவ்வொரு ஹம்பிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். இதுதான் பம்ப் ஸ்டியர்.

அம்பாசடரின் டார்ஷன் பாரைப் பல் மாற்றி மாட்டினால் விறைப்பு மாறாமல் மூக்கு இறங்கும். ஆனால் கீழ் ஆர்முக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே மிஞ்சுகிற இடத்தை அளந்து பாருங்கள். சக்கரத்தில் 60 மி.மீ. ஏற்றமாவது மிஞ்சாவிட்டால் அதற்கு மேல் இறக்காதீர்கள். மிச்சத்தைச் சின்ன டயரிலும் பின்பக்க உயரத்திலும் தேடுங்கள். ஸ்டப் ஆக்சிலை வெட்டி உயர்த்தி வெல்டு வைத்துத் தருகிறேன் என்று எந்தப் பட்டறை சொன்னாலும் வேண்டாம்.

பின்பக்கம்

தனி ஃபிரேம் உள்ள காரில் பின் ஆக்சிலுக்கு முன்னால் சட்டத்தை வெட்டி, பின்துண்டை மேலே ஏற்றி ஒட்டுவது இசட் செய்வது. அவ்வளவு வேண்டாம் என்றால் ஆக்சிலுக்கு நேர் மேலே சி வடிவத்தில் குடைந்து, உள்ளே அதே கனத் தகடு வைத்து அடைப்பது சி நாட்ச். குடைந்துவிட்டு அடைக்காமல் விட்டால் அந்த இடத்தில்தான் ஃபிரேம் வளையும்.

பட்டை ஸ்பிரிங் உள்ள காரில், ஆக்சில் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருந்தால் நடுவில் பிளாக் வைத்து இறக்கலாம். 50 மி.மீ. வரை தொந்தரவில்லை. அதற்கு மேல் போனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆக்சில் ஸ்பிரிங்கை எஸ் வடிவத்தில் முறுக்கும். ஒரு பிளாக் மேல் இன்னொரு பிளாக் அடுக்குவது எந்தக் காலத்திலும் கூடாது. யு போல்ட் புதிதாகப் போடுங்கள், பழையதில் மரை இழுபட்டிருக்கும். இதைவிட நல்லது பட்டைகளின் வளைவைக் குறைத்துத் திரும்பப் பதம் ஏற்றி வாங்குவது.

காயில் ஓவர் (ஷாக்கைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங் உட்கார்ந்த அமைப்பு) போடுகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் நீளம், ஆனால் தவிர்க்க முடியாது. லாரி எடை போடுகிற எடை மேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பாருங்கள், ஆள் இருவர் உட்கார்ந்தபடி. 560 கிலோ என்று வைப்போம், ஒரு பக்கம் 280. ஆக்சிலில் பாதியும் சக்கரமும் சேர்த்து 70 கிலோ கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 210. கார் விநாடிக்கு 1.4 முறை மேலும் கீழும் அசைவது தெரு ஓட்டத்துக்கு வசதியான அளவு. 1.0 என்றால் படகு, 2.0 என்றால் பந்தயக் கார். 1.4-க்கு அந்த மூலையில் வேண்டிய விறைப்பு மி.மீ.க்கு 16.2 நியூட்டன். காயில் ஓவர் நிமிர்ந்து நின்றால் ஸ்பிரிங்கும் அதே அளவு. 20 டிகிரி சாய்ந்திருந்தால் அதை 0.88-ஆல் வகுக்க வேண்டும், 18.4 வரும். கடையில் கேட்க வேண்டிய எண் அங்குலத்துக்கு 105 பவுண்டு. 30 டிகிரி சாய்த்தால் 124. சாய்வு கூடக் கூட ஷாக்கும் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டே வரும், 30 டிகிரியைத் தாண்டாதீர்கள்.

காரின் எடையில் உட்கார்ந்த நிலையில் ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் 60 சதவீதம் மேலேறவும் 40 சதவீதம் கீழிறங்கவும் மிச்சம் இருக்கட்டும். 125 மி.மீ. ஷாக்கில் அது 75-க்கும் 50-க்கும் வரும். உயரம் சரியாக வரவில்லை என்றால் மரையைத் திருகித் திருகி ஏற்றாதீர்கள். தவறு பிராக்கெட் வெல்டு செய்த இடத்தில் இருக்கிறது.

கடைசியாகப் பினியன் கோணம். பினியன் என்பது புரொப்பெல்லர் ஷாஃப்டிலிருந்து சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குள் கொண்டுபோகிற பல்சக்கரத் தண்டு. கியர்பாக்ஸ் வெளிவரும் கோடும் பினியன் கோடும் பக்கத்திலிருந்து பார்த்தால் இணையாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட் ஒவ்வொன்றும் 1 முதல் 3 டிகிரிக்குள் மடங்கட்டும். பட்டை ஸ்பிரிங் என்றால் பினியனை 1, 2 டிகிரி கூடுதலாகக் கீழே பார்க்க வையுங்கள். சுமையில் அது மேலே எழும். ஆக்சில் பிராக்கெட்டுகளை டேக் (புள்ளி புள்ளியாகத் தற்காலிக வெல்டு) மட்டும் வைத்து, டம்மியோடு கோணமானியால் பார்த்த பிறகே முழு வெல்டு. 80-ல் ஓடும்போது சீட்டில் ஒரு நடுக்கம் வந்தால் இந்தக் கோணத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைக்கிற ஏர் சஸ்பென்ஷன் பற்றிக் கேட்பார்கள். நிறுத்தும்போது தரையில் படுக்க வைக்கலாம், அழகுதான். ஓடும் உயரம் ஒன்றே ஒன்று. காஸ்டரும் பினியனும் அந்த உயரத்துக்கு மட்டுமே சரி. அதனால் மேலே சொன்ன வேலை எதுவும் குறையாது.

காகிதமும் முதல் ஓட்டமும்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு, சேஸிஸும் பாடியும் மூல வடிவில் இருந்தால்தான் கிடைக்கும். ஆகவே இசட் வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகம், வெல்டிங் அதற்குப் பிறகு.

பெயின்ட் அடிப்பதற்கு முன் வெறும் இரும்பாகவே காரை ஓட்டுங்கள், அனுமதியுள்ள தனியார் வளாகத்துக்குள். மட்கார்டின் உள்பக்கம் சாக்பீஸ் பூசி வைத்தால் டயர் எங்கே தொட்டது என்று தெரியும். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டை சுற்றிவிட்டால் அது எவ்வளவு உள்ளே போனது என்று காட்டும். டை முழுக்க அடிவரை தள்ளப்பட்டிருந்தால் ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது, பாதியிலேயே நின்றிருந்தால் விறைப்பு அதிகம். புதுப் பட்டை ஸ்பிரிங் சில நூறு கி.மீ. ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் உட்காரும். அதற்குப் பிறகு அந்த நாலு சாக்பீஸ் குறிகளின் மேல் காரை நிறுத்தி உயரத்தையும் காஸ்டரையும் திரும்ப அளந்து, யு போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் மறுபடி இறுக்குங்கள்.